துணிச்சல் யாருடைய சொத்து?

சிவகாசியைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்றைச் சமீபத்தில் படிக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம், இலவச விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. கந்தல் வேட்டியோடு கிளம்பியவன் 400 பக்கத்தில் ஆலை முதலாளியாகிறான். மருந்து அறை ஒரே ஒரு பக்கத்தில் வருகிறது, அதுவும் இன்ஷூரன்ஸ் விஷயமாக.

இந்த வகைக் கதைக்குப் பாட்டன் அமெரிக்கரான ஹொரேஷியோ ஆல்ஜர். 1868-இல் புத்தகமாக வந்த அவருடைய நாவலில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் டிக் என்ற நியூயார்க் தெருப்பையன் படிக்கிறான், சேமிக்கிறான், யோக்கியனாக இருக்கிறான். ஆனால் அவனைத் தூக்கிவிடுவது இவற்றில் எதுவுமில்லை. படகிலிருந்து தவறி விழுந்த ஒரு பணக்காரரின் குழந்தையைக் காப்பாற்றுகிறான். குமாஸ்தா வேலை கிடைக்கிறது. குழந்தை விழாதிருந்தால்? உழைப்பை உபதேசித்த ஆசிரியருக்கே உழைப்பில் நம்பிக்கையில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தண்ணீரில் குதித்தது டிக்கின் சொந்த உடம்பு.

நம் நாவலாசிரியர்கள் அந்த நேர்மையையும் விட்டுவிட்டார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். மழையை நம்பிக் கிடந்த கரிசல் பூமியில் அது பெரிய காரியம். அதை அதிர்ஷ்டம் என்பவன் மூடன். என் சண்டை அவர்களோடு அல்ல. ‘துணிச்சல்’ என்ற சொல்லை முதல் போட்டவருக்கே பட்டா எழுதிக் கொடுத்துவிட்ட எழுத்தாளர்களோடு.

மணிமருந்து கலக்கிறவனுக்கு ஓர் உராய்வு போதும். அவன் தினமும் பணயம் வைப்பதை ரிஸ்க் என்று எந்தக் கதாசிரியனும் சொல்வதில்லை. பிழைத்தால் ‘அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்’ என்று பத்திரிகை எழுதும். பிழைக்காவிட்டால் விதி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இவர்களில் ஒருவருக்காவது லட்சியம் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லையே, ஏன்?

முற்போக்கு நண்பர்கள் உடனே ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவலை நீட்டுவார்கள். தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளை எழுதியவர் என்ற மரியாதை அவருக்கு உண்டு. அந்த வழியில் பின்னால் வந்தவர்களிடம் இரக்கம் மட்டுமே மிஞ்சியது என்பது என் அபிப்ராயம். இரக்கப்படுகிறவன் எதிராளிக்குப் பேராசை இருப்பதை அனுமதிக்க மாட்டான். பீஸ் ரேட்டில் இன்னும் ஒரு குரோஸ் முடித்துவிட்டால் மகளின் நர்ஸிங் பீஸுக்கு ஆகும் என்று கையை விரட்டுகிறவள் சூதாடவில்லையா? அவசரம் ஆபத்து என்று அவளுக்குத் தெரியாதா? அவள் போடும் கணக்கு எந்த முதலாளியின் கணக்கைவிடவும் நுட்பமானது, ஈவிரக்கமற்றதும்கூட.

அலுமினியப் பவுடர் அப்பிய கையைக் கழுவிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது அவள் மனதில் ஓடுவதை யாராவது எழுதட்டும். பத்துப் பிரதி நானே வாங்குகிறேன். நம் சிறுபத்திரிகைக் கணக்கில் அது பாதிப் பதிப்பு.