மூடி மெலிந்தால் ஆபத்து

நேற்றுவரை மாடிப்படி ஏறி இறங்கியவருக்கு இன்று காலை மாரடைப்பு. ரத்தக்குழாயில் கொழுப்பு படிய வருடக்கணக்கில் ஆகும்போது, ஒரே நாளில் எப்படி அடைத்துக்கொள்கிறது?

பெரும்பாலும் மூடிதான் காரணம். கொழுப்புத் திட்டின் மேல் கொலாஜென் நார்களால் ஆன ஒரு மூடி இருக்கும். அது கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தில் படும். உடனே ரத்தம் கட்டியாகி வழியை அடைக்கும். இந்த நார்களை உற்பத்தி செய்பவை தமனிச் சுவரின் மென்தசை செல்கள்.

வெகுகாலம் இந்த செல்களுக்கு வில்லன் பட்டம். பலூன் சிகிச்சைக்குப் பிறகு தமனி மீண்டும் சுருங்கினால், பழி இவற்றின் மீதுதான்: பெருகிவிட்டனவாம். பெருகுவதல்ல, சாவதே ஆபத்தாக இருக்கலாம் என்ற சந்தேகம் 1990களில் வலுத்தது. கொழுப்புத் திட்டிலிருந்து எடுத்த மென்தசை செல்கள், ஆரோக்கியமான தமனியின் செல்களைவிட அதிகமாகச் சாகின்றன என்று மார்ட்டின் பென்னெட்டும் சகாக்களும் 1995இல் காட்டினர்.

இது திட்டமிட்ட தற்கொலை. இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1972இல் இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். கட்டளை இரண்டு வழிகளில் வரும். அழற்சி செல்கள் வெளியிலிருந்து 'ஃபாஸ்' என்ற பொத்தானை அழுத்தும். அல்லது மரபணு சேதமடைந்த செல்லில் பி53 புரதம் விழித்துக்கொள்ள, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோக்ரோம் சி கசியும். எந்த வழியானாலும் கடைசியில் வேலையை முடிப்பவை கேஸ்பேஸ் என்ற புரதம் நறுக்கும் கத்திரிக்கோல்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியது 2006இல் கேம்பிரிட்ஜில் பென்னெட் குழு நடத்திய எலிச் சோதனை. டிப்தீரியா நச்சு சாதாரணமாக எலியை அவ்வளவாக பாதிக்காது. மென்தசை செல்கள் மட்டும் அதற்குப் பலியாகும்படி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். நல்ல தமனிகளில் பாதிக்கு மேல் செல்கள் செத்தும் பெரிய கோளாறு இல்லை; பக்கத்து செல்கள் பிணங்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டன. கொழுப்புத் திட்டிலோ கதையே வேறு: மூடி மெலிந்தது, கொலாஜென் குறைந்தது, அழற்சி கிளம்பியது.

அப்படியானால் கத்திரிக்கோலைப் பிடுங்கிவிடலாமே? கேஸ்பேஸ்களை முடக்கும் ரசாயனங்கள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. ஆனால் கெட்டுப்போன செல்கள் புற்றுநோயாக மாறுமுன் அவற்றைத் தீர்த்துக்கட்டுவதும் இதே கத்திரிக்கோல்தான். தமனியில் மட்டும், அதுவும் திட்டுள்ள இடத்தில் மட்டும் அதைத் தடுப்பது லேசான காரியமல்ல. மருத்துவர்கள் தரும் ஸ்டாடின் மாத்திரை சுற்றுவழியில் உதவுகிறது: கொழுப்பையும் அழற்சியையும் குறைத்து, மூடி தாக்குப்பிடிக்க வழிசெய்கிறது.