பெரிய மனசுக்காரரா நீங்க?

‘உனக்குப் பெரிய மனசுடா!’ என்று ஃப்ரெண்ட் சொன்னால், சந்தோஷத்தில் கேன்டீனில் இன்னொரு ரவுண்டு டீ வாங்கித் தருவீங்க. அதையே ஒரு டாக்டர், எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, ‘தம்பி, உங்க இதயம் கொஞ்சம் பெருசா இருக்கே’ என்று சொன்னால்? வயிற்றில் புளியைக் கரைக்கும் இல்லையா?

பதற வேண்டாம். அவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘டெய்லி ஓடுவீங்களா?’ என்பதாக இருக்கலாம். ஏன்னா, இதயம் ரெண்டு காரணத்தால் பெரிசாகும். ஒன்று உழைப்பு. இன்னொன்று நோய். காலையில் கிரவுண்ட், சாயந்திரம் ஜிம் என்று திரியும் நீங்கள், இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

1899-ல் ஸ்வீடனில் ஹென்ஷென் என்று ஒரு டாக்டர். எக்கோ, ஸ்கேன் எதுவும் இல்லாத காலம். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அந்த மாதிரி பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே, அவர்கள் இதயம் மற்றவர்களைவிடப் பெரிசு என்று கண்டுபிடித்தார். ‘இது நோய் இல்லை, அதிக வேலை செய்யக்கூடிய இதயம்’ என்றும் சொன்னார்.

எப்படிப் பெரிசாகுது? இதயத் தசை செல்கள் லேசில் புதுசா பிறக்காது. 25 வயதில் வருஷத்துக்கு சுமார் 1 சதவிகித செல்கள்தான் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009-ல் ஒரு ஆய்வு சொன்னது. அதனால, இருக்கிற செல்களே நீளமாகவும் தடிமனாகவும் வளர்கின்றன. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகம். அதை வாங்கிக்கொள்ள அறை விசாலமாகும். வெயிட் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். அதை எதிர்த்துத் தள்ள சுவர் தடிக்கும். 1975-ல் எக்கோ மூலம் பார்த்து இதைச் சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகள் ‘கோடு அவ்வளவு கறார் இல்லை’ என்று திருத்தினாலும், அடிப்படை இதுதான்.

பலன்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும். நல்லாப் பழகிய ஓட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது, இது 35 லிட்டரைக்கூடத் தாண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய ரத்தம் போவதால், ஓய்வில் அவருக்கு 40 துடிப்பே போதும்!

சரி, நோயில் வளரும் இதயம்? உதாரணம், கவனிக்காமல் விட்ட பி.பி. இங்கே இதயத்துக்கு ஓய்வே கிடையாது. ஒரு நாளில் சுமார் 1 லட்சம் துடிப்பு, ஒவ்வொன்றும் அழுத்தத்தை எதிர்த்து. ஒரு மணி நேரம் மூட்டை தூக்கிட்டு வீட்டில் போய்த் தூங்குறவருக்கும், ராப்பகலா இறக்கி வைக்காமல் சுமக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. நேரம் மட்டும் இல்லை, செல்லுக்குள் போகும் ரசாயன உத்தரவுகளும் வேறு. உடற்பயிற்சியில் தசையோடு சேர்ந்து நுண் ரத்தக் குழாய்களும் வளரும். நோயில் அவை பின்தங்கிவிடும். நடுவில் தழும்பு மாதிரி நார்த்திசு படியும். சுவர் விறைத்து, கடைசியில் இதயம் களைத்துப் போகும்.

உழைத்து வளர்ந்த இதயத்துக்கு இன்னொரு குணம், பயிற்சியை விட்டால் சுருங்கும். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில், உங்க வயசுப் பையன்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 27 சதவிகிதம் குறைந்தது. இதயமும் சிறுத்தது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரைச் சோதித்தபோது ஆச்சரியம். 30 வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! செமஸ்டர் லீவு முழுக்கப் படுக்கையும் மொபைலுமாகக் கிடக்கிறவர்கள் கவனிக்க.

இப்போ சீரியஸான விஷயம். 2003 ஜூன் 26. பிரான்ஸின் லியோன் நகரில் கால்பந்து அரையிறுதி. கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ, 28 வயது, மைதானத்திலேயே சரிந்து இறந்துபோனார். ‘ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி’ என்ற, மரபணு வழியாக வரும் இதயத் தசைத் தடிப்பு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்கு வெளியே எதுவுமே தெரியாது.

இதயச் சுவர் 12 மில்லிமீட்டர் வரை என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் நோய்தானா என்று பார்ப்பார்கள். 13 முதல் 15 வரைதான் குழப்பம். அது பயிற்சியா, நோயா? அப்போது டாக்டர் கையாளும் வழிகளில் ஒன்று, ‘சில மாசம் பயிற்சியை நிறுத்து!’ சுவர் மெலிந்தால் அது உழைப்பு. மெலியாவிட்டால் நோயைத் தேட வேண்டும்.

அதனால், ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால், ‘காலையில் சாப்பிடலை மச்சி’ என்று சமாளிக்காதீங்க. வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென இறந்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்க. ஈ.சி.ஜி., எக்கோ ரெண்டும் வலியில்லாத டெஸ்ட். பக்கத்தில் ஒருத்தர் சரிந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால், 108-க்கு போன் போட்டுட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பிங்க. வேடிக்கை பார்க்காதீங்க.

‘ரெண்டே மாசத்தில் பாடி ஏத்திடலாம் தம்பி’ என்று ஸ்டீராய்டு ஊசியை நீட்டும் ஜிம் அண்ணன்களுக்கு ஒரு கும்பிடு போட்டு விலகிடுங்க. 2017-ல் அமெரிக்காவில், வெயிட் தூக்கும் 140 ஆண்களைப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு போட்ட 86 பேரின் இதயம் ரத்தம் தள்ளும் திறன், போடாதவர்களைவிடச் சராசரியாகக் குறைவு. வெளியே பைசெப்ஸ், உள்ளே பலவீனம். என்ன பிரயோஜனம்?

அப்ப இதய நோயாளிகள் அசையவே கூடாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 2009-ல் வெளியான ஆய்வில், இதயம் பலவீனமான 2331 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். அவர்களுக்கும், மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி பாதுகாப்பானதுதான் என்று அதில் தெரிந்தது. அளவும் வகையும் டாக்டர் சொல்லணும், அவ்வளவுதான்.

உங்க வீட்டிலும் பி.பி. மாத்திரை போட்டுட்டு, நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்குக் காலையில் அவங்களையும் வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அலாரத்தை அணைச்சுட்டுத் திரும்பிப் படுக்காமல், கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க பாஸ்!