வாலை வடித்தவனுக்கு வடிகணக்கு வாராதா?

பொறியியலைத் தமிழிற் கற்பிக்க இயலாது என்று கூறுவோர், சான்றுக்கென்று எப்போதும் கடினமான துறையொன்றைத் தேடிப் பிடிப்பர். அவர் விருப்பப்படியே நாமும் கடினமானதையே எடுத்துக்கொள்வோம். வேதிப்பொறியியல் மாணவர் அஞ்சும் வடிதூண் கணக்கு இது.

பென்சீனும் தொலுவீனும் செம்பாதி கலந்த நீர்மம், கொதிநிலையில், மணிக்கு 100 கிலோமோல் தூணுக்குள் செல்கின்றது. முன்னது 80 செல்சியசு பாகையிலும் பின்னது ஏறத்தாழ 111 பாகையிலும் கொதிக்கும். உச்சியில் 95 விழுக்காடு பென்சீனும், அடியில் 95 விழுக்காடு தொலுவீனும் வேண்டும். எத்தனை தட்டுகள் வைப்பது?

உள்ளே சென்றது வெளியே வந்தாக வேண்டும்; எனவே மேலே 50, கீழே 50. ஆவியாகும் திறனில் பென்சீன் மற்றதைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு. உச்சியிற் குளிர்ந்த நீர்மத்தில் ஒரு பகுதியைத் தூணுக்குள் திரும்ப ஊற்றினால்தான் இவ்வளவு தூய்மை கிட்டும். இதனை மீள்வார்ப்பு என்போம். எடுக்கும் ஒரு பங்குக்குக் குறைந்தது 1.1 பங்கு மீள வார்த்தல் வேண்டும். அவ்வெல்லையிலேயே நின்றால் தட்டுகள் எண்ணிறந்தனவாகும். முழுவதையும் மீள வார்த்தாலோ ஏறத்தாழ ஆறரைப் படிகளே போதும். ஆனால் ஒரு துளியும் கைக்கு வாராது! இவ்விரண்டுக்கும் இடையே, எரிபொருட் செலவையும் தூணின் உயரத்தையும் சீர்தூக்கித் தேர்வதே பொறிஞன் வேலை. அமெரிக்கராகிய மக்கேபு, தீல் இருவரும் 1925இல் இதனை வரைதாளிற் படிக்கட்டு வரைந்து எண்ணிக் காட்டினர். படிக்கட்டுக்கு மொழியேது?

தமிழிளைஞரே, மேற்கண்டதில் எவ்வரி விளங்கவில்லை? சொல்லில்லையாம்! ஓமத் தீநீர் இறக்கிய நம் மருத்துவர் அக்கலத்தை வாலை என்றனர். காய்ச்சலும் ஆவியும் குளிர்த்தலும் வடித்தலும் அவர்க்குத் தெரியாதனவா? அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். 1875இல் வேதியியல் நூலும் தமிழில் வெளிவந்தது. அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டது நமக்கு உவப்பன்றுதான். ஆயினும் அயலவர்க்கு இருந்த துணிவு நம்மவர்க்கு இல்லையே!

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. வேதிப்பொறியியல் அவ்விரண்டில் இல்லை. இருந்தவற்றையும் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் மூடப்போவதாக 2023இல் அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் பின்வாங்கினர். மாணவர் சேரவில்லை என்பது அவர்கள் சொன்ன கரணியம். நூலும் தாராமல், வேலைக்கு உறுதியும் தாராமல், வாயிலை மட்டும் திறந்து வைத்தால் யார் நுழைவர்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அங்கே தகடு வளைப்பவன், பற்றவைப்பவன், திருகாணி முடுக்குபவன் தமிழிலேயே வேலை பேசுகின்றான். அலுவலறையின் வரைபடம் மட்டும் ஆங்கிலம் பேசுகின்றது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிற் பயின்று பொறியியல் புகும் பிள்ளை, சமன்பாட்டில் இடறவில்லை. வினாவின் முதல் வரியில் இடறுகின்றான். அவனை அறிவிலி என்று ஒதுக்குவது கல்வியா, கொடுமையா?

நாம் கேட்பன பெரியன அல்ல. வேதிப்பொறியியல் வினாத்தாள் ஒவ்வொன்றிலும் ஆங்கில வரிக்குக் கீழே தமிழ் வரி வேண்டும். தமிழில் எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் வேண்டும். வடிதூணுக்கும் வெப்பமாற்றிக்கும் தமிழில் கணக்கு நூல் எழுதும் ஆசிரியர்க்கு ஓராண்டு ஊதியத்தோடு விடுப்பளித்தல் வேண்டும். அரசு இவற்றை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குக!