ஊதியமும் அமைதியும்

தொழில் செய்து பொருள் ஈட்டுதல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் உரிய கடமையாகும். கல்வியை முடித்து வெளியேறும் இளைஞர் பலர், ஒரு நாள் இரு வழிகள் பிரியும் இடத்தில் நிற்க நேரிடுகின்றது. ஒரு வழி மிகுந்த ஊதியம் தருவது. ஆயின், ஓய்வையும் உறக்கத்தையும் கெடுப்பது. மற்றொரு வழி குறைந்த ஊதியம் தருவது. ஆயின், மாலையில் கவலையின்றி வீடு திரும்பச் செய்வது. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

பெருஞ்சம்பளத்தைக் கைவிடுபவன் பேதை என்று ஊரார் கூறுவர். அவ்வாறு கூறுவோர் ஊதியம் என்னும் சொல்லின் பொருளைப் பாதியே அறிந்தவராவர். அச்சொல் இந்நாளில் திங்கள்தோறும் பெறும் சம்பளத்தைக் குறிப்பினும், பண்டை நூல்களில் ஆக்கம், பேறு என்னும் பொருளில் வழங்கிற்று. வணிகன் விற்று வந்த பணம் முழுவதையும் ஊதியம் எனக் கருதான். முதலையும் செலவையும் கழித்தபின் எஞ்சுவதையே ஊதியம் என்பான். உழவனும் களத்தில் குவிந்த நெல் முழுவதையும் தனதாகக் கொள்ளான். விதைக்கும் எருவுக்கும் ஆட்கூலிக்கும் உரியதை ஒதுக்கிய பின்னரே தன் பங்கை அளப்பான். தொழில் தேடும் இளைஞரும் இவ்வாறே கணக்கிடுதல் வேண்டும்.

அங்ஙனம் கணக்கிடுங்கால் கழிக்கற்பாலன யாவை? முதலாவது உடல்நலம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டன. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர், 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதத்திற்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு மிகுதி என்று அவ்வாய்வு கண்டது. நெடுநேர உழைப்பின் விளைவாக, 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் 7,45,000 மக்கள் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் உயிர் இழந்தனர் என்றும் மதிப்பிட்டது. உடலை விற்றுப் பெற்ற பொருளை மருந்துக்கே கொடுப்பது எவ்வகை வாணிகம்?

இரண்டாவது சுற்றத்தாரோடு கூடி வாழும் காலம். தந்தை இல்லம் திரும்பும் வேளையில் குழந்தை உறங்கிவிடுகின்றது; அவர் புறப்படும் வேளையில் அது விழித்தெழுவதில்லை. அக்குழந்தையின் பொருட்டே உழைப்பதாக அவர் எண்ணுகின்றார். குழந்தையோ அவர் முகத்தை விடுமுறை நாளில் மட்டுமே காண்கின்றது. கழிந்த இளமைப் பருவத்தை எவ்விலை கொடுத்தும் மீட்டல் இயலாது.

இக்கணக்கை நன்கு உணர்ந்தவர்களுள் அறிஞர் சி. வி. இராமன் ஒருவர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் அகவையில், கல்கத்தாவில் இந்திய நிதித்துறையின் உயர் அலுவலராகப் பணியேற்றார். பதவியும் பெரிது, ஊதியமும் பெரிது. எனினும், அலுவலகம் செல்லுமுன்னும் அது முடிந்த பின்னும் ஆய்வுக்கூடத்தையே அவர் நாடிச் சென்றார். 1917ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, அதனினும் ஊதியம் குறைந்த பேராசிரியர் பதவியைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஏற்றுக்கொண்டார். 1928ஆம் ஆண்டில் இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பரிசு கிடைத்தமையால்தான் அவர் முடிவு சிறப்புற்றது என்று எண்ணலாகாது. பரிசு வரும் என்பதை 1917இல் யார் அறிவார்? அவர் நாடியது ஓய்வன்று. உள்ளம் ஒன்றி உழைத்தற்குரிய அமைதியே. அமைதி வேறு, சோம்பல் வேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆலந்து நாட்டு மெய்யறிஞர் சுபினோசா கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தவர். 1673ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. தம் சிந்தனை உரிமையும் அமைதியும் குன்றும் என்று அஞ்சி அவர் அதனை மறுத்துவிட்டார். அவர் மணம் புரியாதவர். அவர் மறுத்த பொருளால் மனைவி மக்கள் எவரும் வாடவில்லை. இதுவும் கருதத்தக்கது.

ஏனெனில், குறைந்த ஊதியமே எஞ்ஞான்றும் சிறந்தது என்று கொள்ளுதலும் பிழையாகும். தந்தையை இழந்த குடும்பத்தின் மூத்த மகனை எண்ணுக. வீடு அடமானத்தில் இருக்கின்றது. தங்கையின் கல்வி பாதியில் நிற்கின்றது. அவன், தனக்கு அமைதியே வேண்டும் என்று கூறிச் சிறு வருவாயில் அமர்வானாயின், அவன் இறக்கி வைத்த சுமையைத் தாயே சுமக்க நேரிடும். பிறர் தோளில் சுமையை ஏற்றிப் பெறும் அமைதி அமைதியன்று. அத்தகையோன் சில ஆண்டுகள் கடும்பணியை மேற்கொள்ளுதலே அறமாகும்.

ஆயினும், அவன் அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். கடன் தீரும் நாளும் தங்கை கல்வி முடிக்கும் நாளும் அவ்வெல்லையாகலாம். எல்லை வகுக்காதோர், வருவாய் உயருந்தோறும் செலவையும் உயர்த்திக்கொள்கின்றனர். பின்னர் விரும்பினும் வெளியேற இயலாதவராகின்றனர். அவர்கள் பணியைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர், பணியால் பிடிக்கப்பட்டவர்.

ஆதலின், தெரிவு செய்யும் இளைஞர் தம்மைத் தாமே வினவ வேண்டுவன மூன்று. தம்மை நம்பி வாழ்வோர்க்கு இவ்வருவாய் போதுமா? இப்பணி தம் உடலையும் உள்ளத்தையும் எத்துணைக் காலம் தாங்கவிடும்? மிஞ்சும் பொழுதைத் தாம் எதற்குப் பயன்படுத்துவர்? முதல் வினாவிற்குப் போதாது என்பது விடையாயின், பொருளை நாடுக. போதும் என்பது விடையாயின், அதற்குமேல் வரும் ஒவ்வொரு காசுக்கும் கொடுக்கும் விலையை ஆராய்க. தேவைக்கு மேற்பட்ட பொருளை அமைதியை விற்று வாங்குபவன், விளைந்த நெல்லை விற்று உமியை வாங்குபவனே ஆவான்.