அன்னையின் கைமணம்

இராமநாதபுரக் கடற்கரையில் பிறந்தோர் பிழைப்பை நாடி வெளியூர் செல்வது நெடுங்கால வழக்கம். அது மழை குறைந்த நிலம். ஆதலால் பலர் முன்னாளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து சென்றனர். இந்நாளில் வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் செல்கின்றனர். அயலூரில் முதல் வாரம் கழிவதற்குள் வீட்டுச் சமையலின் நினைவு வந்து நெஞ்சை வருத்தும். அந்த ஏக்கம் இழிவானதன்று. அதனை ஆற்றிக்கொள்ளும் வழியை அறியாதிருத்தலே குறையாகும்.

1931-ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர் வீட்டிற்கு ஓடினார். அன்னை ஆஷியம்மா பன்னிரண்டு வகைப் போளிகள் செய்வாராம். அவற்றின் கவர்ச்சியைக் கல்வியின் கவர்ச்சியாலும் வெல்ல இயலவில்லை என்று தம் தன்வரலாற்றில் அவரே கூறுகிறார். எனினும், தந்தையார் தம்மீது வைத்த நம்பிக்கையை எண்ணி, மனத்தைத் தேற்றிக்கொண்டு படித்தார். 2002-இல் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். அத்தகைய உறுதி படைத்தவரையே அன்னையின் போளி ஈர்த்ததென்றால், விடுதியில் சோற்றுத் தட்டின் முன் கண் கலங்கும் மாணவனை நாம் எள்ளி நகையாடலாமா?

'சென்ற இடத்து உணவை உண்டு பழகுவதே அறிவுடைமை. வீட்டுச் சுவையைத் தேடுவது குறுகிய மனப்பான்மை' என்பர் சிலர். அவர்கள் கீழக்கரைத் தொதலை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் சேர்த்து நெடுநேரம் கிளறிச் செய்யும் அவ்வினிப்பு, இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் ஏறக்குறைய அதே பெயரால் வழங்குகிறது. கடல் வாணிகம் செய்தோரின் அடுப்புகள் வழியே ஒரு சுவை கரைதோறும் பரவியதற்கு அதுவே சான்று. தம் உணவை அயலூரிலும் சமைத்துப் பிறர்க்கு அளித்தவர்களால் உலகம் குறுகவில்லை, விரிந்தது.

ஆகவே, வீட்டைவிட்டுச் செல்லுமுன் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் வீட்டுச் சமையலில் இரண்டொன்றையேனும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. செய்முறையைத் தொலைபேசியிலும் கேட்டறியலாமே எனலாம். அளவைக் கேட்டறியலாம், பதத்தைக் கேட்டறிய இயலாது. மீன் குழம்பில் புளியின் பச்சை வாசனை நீங்கிய பின்னரே மீனை இடவேண்டும். அந்த வாசனை நீங்கியதை அறிவது மூக்கு. மீன் உடையாமல் சட்டியை அசைத்துக் கொடுப்பது கை. அன்னை தம் வாழ்நாளெல்லாம் பழகி அறிந்த இக்கலை பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படுவதில்லை. அருகில் நின்று கற்பார் இல்லையாயின், அஃது அவருடனேயே மறைந்துவிடும்.

சமையல் பெண்களுக்கே உரியது என்று எண்ணி ஒதுங்கும் இளைஞர், நம் கடற்கரையையே பார்க்கட்டும். ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர் படகிலேயே சோறாக்கி, குழம்பு வைத்து, ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். அலைமேல் அடுப்பு மூட்டும் அவர்களுடைய ஆண்மைக்கு என்ன குறை வந்துவிட்டது?

அயலூரில் தன் கையாலேயே வீட்டுக் குழம்பை வைத்து, உடன் தங்கியிருப்போர்க்கும் பகிர்ந்து உண்பவன், ஊருக்கு ஓடிவிட எண்ணமாட்டான். இருக்கும் இடத்திலேயே ஊன்றி நிற்பான். அவன் பரிமாறும் உணவை உண்டோர் நாளடைவில் அவனுக்கு உறவினராவர். மாணவர்களே! அடுத்த விடுமுறையில் ஒரு நாளேனும் அன்னையின் அருகில் நின்று, அவர் சமைப்பதைக் கண்ணால் கண்டு, கையால் செய்து பழகுங்கள். எத்தனை தொலைவு சென்றாலும் அது உங்களுக்குத் துணைநிற்கும்.