கையடக்கக் கணினிக்கும் காற்று வேண்டும்



கையடக்கக் கணினி சிறிது நேரம் உழைத்ததும் சுடுகின்றது. அதன் வேகமும் குன்றுகின்றது. உடனே நாம், "பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கின்றோம். வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைச் செலவிடுமுன், அக்கருவிக்குக் காற்றோட்டம் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

கணினி உட்கொள்ளும் மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பம் வெளியேறாவிடில், கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட 'ராஸ்பெரி பை 4' என்னும் சிறு கணினிப் பலகை இதற்கு நல்ல சான்றாகும். திரையும் மின்கலமும் சேர்த்து, அதனைக் கையடக்கக் கணினியாக்கும் ஆர்வலர் பலர். வெப்பம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் வேகம் குறையத் தொடங்கும். மூடிய பெட்டிக்குள் சிறு விசிறி பொருத்துவது இதனாலேயே. 2017இல் விற்பனைக்கு வந்த 'நிண்டெண்டோ சுவிட்ச்' விளையாட்டுக் கருவியினுள்ளும் ஒரு சிறு விசிறி சுழல்கின்றது.

ஆயினும், விசிறி மட்டும் போதாது. சன்னல்களை மூடிவிட்டு விசிறியைச் சுழலவிட்டால் வீட்டில் புழுக்கம் தீருமா? எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தாலன்றோ காற்று ஓடும்! அதுபோலப் பெட்டியிலும் காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்க. நம் உடலில் வியர்வை உலரும்போது குளிர்ச்சி உண்டாகின்றது. கணினிக்கோ வியர்வை இல்லை. ஆதலால், சுற்றியுள்ள காற்றைவிட அதனைக் குளிர்விக்க விசிறியால் இயலாது. கொளுத்தும் வெயிலில் கருவியை வைத்துவிட்டு விசிறியைக் குறைகூறுதல் முறையன்று.

விசிறியால் தொல்லைகளும் உண்டு. அது மின்கலத்தின் ஆற்றலில் ஒரு பங்கை உண்ணும், ஓசை எழுப்பும், தூசியை உள்ளிழுக்கும். மேலும், லித்தியம் மின்கலத்தைக் குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பற்றக்கூடும். எனவே, விவரம் அறிந்த பெரியவர் துணையின்றி எக்கருவியையும் திறக்கலாகாது. ஒட்டி மூடப்பட்ட கைப்பேசியாயின், உறையைக் கழற்றி நிழலில் வைத்தலே போதும்.

பெற்றோர்களே! "இது ஏன் சுடுகின்றது?" என்று பிள்ளை வினவினால், "கெடுத்துவிடாதே" என்று அதட்டி அனுப்பாதீர்கள். அருகில் அமர்ந்து காரணத்தை ஆராயத் துணைநில்லுங்கள். புதிய கருவியை எவரும் கடையில் வாங்கலாம். பழுதின் காரணத்தைத் தேடும் அறிவைக் கடையில் வாங்க இயலாது. அவ்வறிவை நம் பிள்ளைகள் பெறுவார்களாக!