போஸ்டரில் பெயர் இருந்தால் போதுமா?



'சூது கவ்வும் 2' பற்றி நம் இதழில் ஒரு வரிகூட வரவில்லையே என்று அண்ணாமலை நகரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சிலர் கேட்டிருந்தீர்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஏமாற்றம் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தோம்.

2024 டிசம்பர் 13, கார்த்திகை தீபத்தன்று படம் வெளியானது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தென்பெண்ணை வெள்ளம் புகுந்த கடலூர் வீடுகளில் துணிமணி காயவே வழியில்லாத நேரம். இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வரலாம் என்று ஒரு குடும்பம் நினைத்தால் தப்பா? போஸ்டரில் மிர்ச்சி சிவா, கருணாகரன், எம்.எஸ்.பாஸ்கர், ராதாரவி, வாகை சந்திரசேகர். யாரும் சோடை போகிறவர்கள் இல்லை.

போனோம். சிரிப்புதான் வரவில்லை.

முதல் 'சூது கவ்வும்' 2013 மே 1 அன்று வந்தது. நலன் குமரசாமிக்கு அது முதல் படம். விஜய் சேதுபதி அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தார். அசோக் செல்வன், பாபி சிம்ஹா, ரமேஷ் திலக் எல்லாம் பலருக்குப் பெயர் தெரியாத முகங்கள். நம் ஊரிலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, அரசு ஒரு நிர்வாகியை நியமித்திருந்த சமயம். சம்பளம், வேலை என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வேலை போன இரண்டு பேர், நயன்தாராவுக்குக் கோயில் கட்டிவிட்டு ஊரை விட்டு ஓடிவந்த ஒருவர் என்று மூன்று பையன்களைக் காட்டியபோது, விடுதி மாணவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதில் ரமேஷ் திலக் வரும் ஒரு காட்சி. காலையில் எழுவார், குளிப்பார், பக்தியாகச் சாமி கும்பிடுவார். அப்புறம் உட்கார்ந்து பாட்டிலைத் திறப்பார். ஆபீசுக்குக் கிளம்புகிற மனிதரின் சிரத்தைதான் அந்த முகத்தில் இருக்கும், குறும்பு துளியும் இருக்காது. ஆள் கடத்தலுக்கு விதிமுறைகள் வகுத்து வைத்திருக்கும் விஜய் சேதுபதியின் தாஸும் அப்படியே. அதிகாரத்தில் இருப்பவர்கள் பக்கம் போகாதே என்பதை அத்தனை பொறுப்பாகச் சொல்வார். படத்துக்குள் இருக்கும் ஒருவருக்கும், தாங்கள் சிரிப்பு மூட்டுகிறோம் என்பதே தெரியாது. நாம் சிரித்ததற்கு அதுதான் காரணம்.

இரண்டாம் பாகத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. முதல் படத்தில் போலவே கற்பனைக் காதலி உண்டு, கடத்தல் உண்டு, அதில் அமைச்சரின் மகனாக வந்த அருமைப்பிரகாசம் நிதியமைச்சராகவே ஆகிவிட்டார். சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள்தான் இல்லை. சிவாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' மற்றப் படங்களைக் கிண்டல் செய்வதற்கென்றே எடுத்தது. அங்கே அவர் முகத்தை அசைக்காமல் நின்றாலே கைதட்டல் விழும். இங்கே அவரோடு சேர்ந்து கதையும் அசையாமல் நிற்கிறது.

முதல் படத்தில் பணத்துக்கு மசியாத அமைச்சராக எம்.எஸ்.பாஸ்கர் வருவாரே, நினைவிருக்கிறதா? அவர் பிள்ளை அப்பாவிடமே பணம் பறிக்கத் தன் கடத்தலுக்குத் தானே ஏற்பாடு செய்வான். 'உங்கள் நேர்மையால் இந்த வீடு என்ன கண்டது?' என்ற சண்டை எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? குற்றக் கதைதான், ஆனால் நம் கூடத்தில் நடப்பதுபோல இருந்தது. இரண்டாம் பாகம் நாட்டைத் திருத்தக் கிளம்பி, வீட்டை மறந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதுப் படம் எதுவும் வெளியாகி மூன்று நாட்களுக்கு ஆன்லைன் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனங்களால் 'கங்குவா' படத்துக்கு விழுந்த அடியின் வலி அது. டிசம்பர் தொடக்கத்தில் நீதிமன்றம் அப்படிப் பொதுவாகத் தடை போட மறுத்துவிட்டது.

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி, வாய்க்கு வந்தபடி திட்டுவதை நாமும் ரசிப்பதில்லை. கோடிக்கணக்கில் போட்டவர்களின் பயம் புரிகிறது. ஆனால் அந்த மூன்று நாளில்தானே நம் வீட்டுப் பணமும் போகிறது? பரங்கிப்பேட்டையிலிருந்தோ புவனகிரியிலிருந்தோ நாலு பேர் கிளம்பி வந்தால் பஸ் செலவு, டிக்கெட், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? புயல் மாதத்தில் அது சின்னத் தொகை இல்லை. படம் எப்படி என்று கேட்டுக்கொண்டு போக அந்தக் குடும்பத்துக்கு உரிமை இல்லையா?

2025 ஜனவரி 13 போல ஆருத்ரா தரிசனமும் போகியும் ஒரே நாளில் வந்தால், சிதம்பரம் தேருக்கும் தரிசனத்துக்கும் வந்த உறவுக்காரர்கள் பொங்கல் முடியும்வரை தங்குவார்கள். திருவாதிரைக் களி சாப்பிட்ட கையோடு, எந்தப் படத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழும். போஸ்டரில் எத்தனை பெயர் என்று எண்ணாதீர்கள், தலைப்புக்குப் பின்னால் 2 இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். முதல் நாள் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்றால், போஸ்டரில் தெரிந்த முகமே இல்லாவிட்டாலும் குடும்பத்தோடு தியேட்டருக்கே போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு நமக்கும் நாலு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்